ஏசிய பெயரைச் சூடலாமா?

தாம்பரத்தில் கிளம்பும் கடற்கரை மின்சார ரயிலில் கைதட்டியபடி ஏறும் திருநங்கைகள், தங்களுக்குள் ‘ஏய் பொட்டை, இங்க வாடி’ என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொள்வதுண்டு. அதையே படியில் தொங்கும் இளைஞன் சொன்னால் பெட்டி ரணகளமாகும். “அவங்களே சொல்லிக்கிறாங்க, நாம சொன்னா மட்டும் தப்பா?” என்று ஜன்னலோரம் ஒரு குரல் முணுமுணுக்கும்.

அந்தக் குரலுக்கு விடை எளிது. திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதியின் தன்வரலாற்றில் இதே சொல் திருநங்கைகளுக்கிடையே சகஜமாகப் புழங்குகிறது. பெற்ற வீடு விரட்டிய பின் குரு, சேலா (சீடர்), தாய், மகள் என்று அவர்களே கட்டிக்கொண்ட உறவுக்குள் புழங்கும் சொல் அது. சொல்பவளும் கேட்பவளும் அதே அடியை வாங்கியவர்கள். படியில் தொங்குபவன் அடித்தவர்களின் பக்கம் நின்று பேசுகிறான்.

கடினமான கேள்வி சமூகத்துக்குள் இருக்கிறது. பொட்டை, அலி, ஒன்பது போன்ற வசவுகளை மேடையிலும் எழுத்திலும் துணிந்து சூடிக்கொள்வதா, அறவே ஒழிப்பதா?

இந்த வழக்கைத் தமிழ்நாடு முன்பே ஒருமுறை, சாதிப் பெயர் விஷயத்தில், விசாரித்திருக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே, மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-ல் ‘பறையன்’ என்றே பத்திரிகை தொடங்கினார். இழிவென்று பிறர் சொன்ன பெயரை ஒளிக்காமல் நின்றால்தான் உரிமை கேட்க முடியும் என்பது அவர் கட்சி. அயோத்திதாசரோ, அது பகைவர் சுமத்திய பெயர் என்று மறுத்தார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா போன்றோர் வலியுறுத்த, 1922-ல் அரசு ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. சுயமரியாதைக்கு இரண்டு வழியும் உண்டு என்பதற்கு இவர்களே சாட்சி. ஒருவர் வழியை மற்றவர் துரோகம் என்று சொல்ல இடமில்லை.

திருநர் சமூகத்திலும் மாற்றுப் பெயர்கள் வந்தன. கூத்தாண்டவர் எனப்படும் அரவானின் கதையிலிருந்து வந்த ‘அரவாணி’ பெயரில் 2008-ல் நல வாரியம் அமைந்தது. அந்தக் கதையோடு ஒட்டாதவர்களுக்கு அப்பெயர் பொருந்தவில்லை. கலைஞர் கருணாநிதி பரவலாக்கிய ‘திருநங்கை’ நிலைத்தது. 2019 இறுதியில் அதை ‘மூன்றாம் பாலினத்தவர்’ என்று மாற்ற அரசு முனைந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. முதல், இரண்டாம் பாலினம் யார் என்ற கேள்வி அதில் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கைத் தொடர்ந்து, 2022-ல் இச்சமூகத்தினரைக் குறிப்பதற்கான சொற்பட்டியல் அரசிதழில் வெளியானது. மரியாதையான பெயரானாலும், உரியவரைக் கேட்காமல் வைத்தால் அதுவும் ஒரு திணிப்பே.

இதிலிருந்து ஒரு வரம்பு கிடைக்கிறது: தனக்குச் சூடலாம், பிறருக்குச் சூட்டலாகாது. ‘நான் பொட்டைதான், அதனாலென்ன?’ என்று ஒருத்தி மேடையில் சொல்வது அவள் உரிமை. அவள் ‘நாம் எல்லோரும்’ என்று தொடங்கும்போது, அந்தச் சொல்லோடு சேர்த்து உதை வாங்கிய ஐம்பது வயதுக்காரியின் பெயரிலும் பேசிவிடுகிறாள். என்னை அப்படி அழைக்காதே என்று மூத்தவள் சொன்னால் அது கட்டளை. நீயும் உன்னை அப்படி அழைத்துக்கொள்ளாதே என்று அவள் சொன்னால் அது ஆலோசனை மட்டுமே.

இந்த வரம்புக்கு ஒரு மறுப்பு உண்டு. மேடையில் சொன்னது கைபேசி வழியே பள்ளிக்கூடம் வரை போகும். அங்கே வகுப்பில் தனியாக நிற்கும் ஒரு பிள்ளையைச் சீண்ட, அது இன்னொரு கல்லாகும். மறுப்பு நியாயமானது. ஆனால் கல்லெறியும் கையைத் தடுக்க வேண்டியவர்கள் ஆசிரியரும் பெற்றோரும். அந்தப் பொறுப்பையும் திருநங்கையின் வாய்மீதே போடுவது, அடிபட்டவரிடமே அபராதம் வசூலிப்பது.

எந்தச் சொல் வேண்டும், வேண்டாம் என்பதை அவர்கள் தங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வாதிடட்டும். அதில் மற்றவர்களுக்கு ஓட்டு இல்லை. குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ வாடகை வீடு கேட்டு வரும் திருநங்கைக்கு முன்பணம் வாங்கிச் சாவி கொடுப்பதில்தான் மற்றவர்களின் மரியாதை தெரியும்.