குட்டி விற்பவரின் கடமை

திருவண்ணாமலைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போகிற கீழ்பென்னாத்தூர்க் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். பிறகும் ஏமாந்தால் அவர் பாடு. அதே மனிதர் அல்சேஷன் குட்டி வாங்கினால் எதைப் பார்ப்பது? ஒன்றரை மாதத்தில் எல்லாக் குட்டிகளும் துள்ளத்தான் செய்கின்றன. இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை சரியாகப் பொருந்தாத பரம்பரைக் கோளாறு பின்னால்தான் நொண்டலாக வெளிவருகிறது. பார்க்க முடிந்தவர் விற்பவர் ஒருவரே.

“தாயும் தகப்பனும் குதிரை மாதிரி ஓடுகின்றனவே, ஸார்!” என்றார் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர். ஓடட்டும். பல மரபணுக்கள் கூடிச் செய்கிற வேலை இது. ஓடுகிற நாயும் குறையைச் சுமந்திருக்கலாம். அதற்குத்தான் எக்ஸ்ரே. அமெரிக்காவில் இதற்கென்றே 1966இல் ஏற்பட்ட ஸ்தாபனம், நாய்க்கு 24 மாதம் நிரம்பிய பிறகே முடிவான சான்று தருகிறது. நல்ல படம் வந்த ஜோடிக்கும் நொண்டிக் குட்டி பிறப்பதுண்டு, வாஸ்தவம். குடை பிடித்தும் கால் நனைகிறதே என்று குடையையா எறிகிறோம்?

ராஜபாளையம் போன்ற சிறு கூட்டத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். வெள்ளை நிறத்தோடு சில நாய்களுக்குச் செவிடும் சேர்ந்து வருகிற இனம் அது. மூட்டு சரியில்லை என்று பலவற்றைக் கழித்தால், மிஞ்சிய சிலவற்றுக்குள்ளேயே இணை சேர்த்து வேறொரு குறையைப் பெருக்கிவிடலாம். அங்கே எதை எதோடு சேர்ப்பது என்று யோசிப்பதே மேல். அதற்கும் படம் வேண்டும்.

“செலவு யார் தலையில், ஸார்?” என்றார் வியாபாரி. குட்டியின் விலையில் சேர்த்துக்கொள்ளட்டும். நான் கொடுப்பேன்.