கலைச்சொல் தேடலும் மொழிபெயர்ப்பாளர் அறமும்

முன்னுரை

மொழிபெயர்ப்பு மென்பொருளில் மூலத் தொடர் ஒன்றைத் திறந்தவுடன், இணைக்கப்பட்ட கலைச்சொல் தரவுத்தளத்தை அது தானே தேடி, நிகரன்களைத் திரையின் ஓரத்தில் காட்டுகிறது. அவ்வாறு கிடைத்த சொல்லை எடுத்தாளும்போது அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேடல் தருவது

தரவுத்தளத்தின் அடிப்படை அலகு சொல்லன்று, கருத்துரு. ஒரு கருத்துருவின்கீழ்ப் பல மொழிச் சொற்களும், அவற்றின் துறை, மூலம், பரிந்துரை நிலை பற்றிய குறிப்புகளும் அடங்கும். கலைச்சொற் பதிவுகளைப் பரிமாறுவதற்கென 2008இல் வெளியான ஐஎஸ்ஓ 30042 தரநிலையும் இவ்வமைப்பையே கொண்டது. நடைமுறையிலோ சொல்லிணைகளை மட்டும் அடுக்கிய தொகுப்புகளும் தரவுத்தளங்களாகப் பயன்படுகின்றன. அவற்றில் தேடுபவருக்கு முன்னொருவர் எடுத்த முடிவு கிடைக்கிறது. அம்முடிவின் காரணம் கிடைப்பதில்லை.

சொல்லும் களமும்

வாஷி, செம்பூர், தாராவி, மாட்டுங்கா ஆகிய இடங்களில் வாழும் தமிழர் மராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றிடையே நாளும் இயங்குபவர்கள். அங்குப் பயன்படும் சலுகைப் படிவம் ஒன்றைத் தமிழாக்குவதாகக் கொள்வோம். மராத்தியில் 'அபங்க்' எனவும் இந்தியில் 'விகலாங்க்' எனவும் முன்பு வழங்கிய இடத்தில், 2015 டிசம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் முன்மொழிந்த 'திவ்யாங்க்' பின்னர்ப் பரவியது. மகாராட்டிர அரசு 2022இல் அமைத்த தனித்துறையும் அச்சொல்லையே பெயரில் கொண்டது. தமிழ்நாட்டு அரசு வழக்கில் 2010ஆம் ஆண்டளவில் 'ஊனமுற்றோர்' என்பது 'மாற்றுத்திறனாளிகள்' என மாறியது. பழைய சொல்லிணைத் தொகுப்போ 'ஊனமுற்றோர்' என்பதையே இன்றும் தரக்கூடும்.

இம்மாற்றங்கள் ஒரே தன்மையனவா? நன்னூலார் தகுதி வழக்கில் அடக்கிய மங்கலம் இங்கு நோக்கத்தக்கது. மங்கலம் சொல்லை மாற்றும்; பொருளை மாற்றாது. தெய்வத்தன்மை ஏற்றும் பெயரால் உரிமை கிடைக்காது என்று உடற்குறையுடையோர் அமைப்புகள் 'திவ்யாங்க்' என்பதை மறுத்தன. அது வெறும் மங்கலம் என்பதே அம்மறுப்பின் சாரம். இவ்வழக்காடலின் சுவடு ஏதும் சொல்லிணையில் இல்லை.

சீர்மையும் பொறுப்பும்

ஒரே கருத்துக்கு ஒரே சொல் என்னும் சீர்மையே தரவுத்தளத்தின் பயன். ஒவ்வொருவரும் விரும்பிய சொல்லை இட்டால் ஆவணம் குழம்பும் எனலாம். இது ஏற்கத்தக்கதே. ஆயினும் சீர்மை சரிமையாகாது. 'படிவம்' என்பதைப் பதிந்துவைத்தால், 'படிவத்தில்' என்று முறையாக எழுதிய தொடரையும் எழுத்தொப்புமை மட்டும் காணும் சரிபார்ப்பி பிழையெனக் காட்டும். சாரியையை அறியாத கருவி, ஒரு சொல் மனிதரை இழிவுபடுத்துவதையும் அறியாது. படிவத்தை நிரப்புபவர் அதில் தம்மைக் குறிக்கும் சொல்லைக் காண்கிறார். அச்சொல் மென்பொருளிலிருந்து வந்தது என்பது அவருக்கு ஆறுதலாகாது.

இனி, பழைய சொல்லை நீக்கிவிடுதல் தீர்வாகுமா? ஆகாது. 1995ஆம் ஆண்டுச் சட்டக்கால ஆவணங்களைத் தேடுபவருக்கு அக்காலச் சொல் வேண்டும். நீக்கினால் அவை தேடலில் அகப்படா. ஒரு சமூகம் தன்னுள் ஒரு பகுதியினரை எவ்வாறு அழைத்தது என்னும் சான்றும் மறையும். ஆகவே சொல்லைக் காத்து, 'இன்று தவிர்க்க' என்னும் குறிப்பையும், ஆண்டு, வழங்கிடம், மாற்றத்தின் காரணம் ஆகியவற்றையும் உடன்பதிதலே தக்கது.

முடிவுரை

காரணத்தோடு பதிதல் தொகுப்பாளரின் கடன். அக்காரணத்தைப் படித்துத் தேர்தல் மொழிபெயர்ப்பாளரின் கடன். காரணம் பதியப்படாத இடத்தில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு குறைவதில்லை. தாமே ஆராய வேண்டியிருத்தலின் மிகுகிறது. தமிழ்க் கலைச்சொல் தொகுப்புகள் சொற்களின் எண்ணிக்கையோடு இக்குறிப்புகளையும் தம் தகுதிக்கு அளவாகக் கொள்ளுதல் வேண்டும்.