கூரையும் கணக்கும்

வறியவர்க்காக அரசாங்கம் ஒரு சதத்தைச் செலவிட முனையும்போதெல்லாம், "இதனால் விளையும் பயன் யாது?" என்ற கேள்வி எழுப்பப்படுகின்றது. கேள்வி தவறானதன்று. பொதுப்பணம் உழைக்கும் மக்களின் பணம். அது எங்கே சென்றது, எவர்க்கு உதவியது என்று விசாரிக்கும் உரிமை அம்மக்களுக்கு உண்டு. ஆனால், பயனை அளப்பதற்கு எந்த அளவுகோலைக் கையில் எடுக்கின்றோம் என்பது வேறொரு கேள்வி. அதற்குக் கணக்காளர் மட்டும் விடை கூறிவிட முடியாது. அது அறத்தைச் சார்ந்தது. வீடின்றி வீதியில் வாழும் மனநோயாளர்க்கென அரசின் நிதியில் நடத்தப்பட்ட சேவைகள் எவ்வாறு மதிப்பிடப்பட்டன என்பதை நோக்குவோமாயின், இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடத்தலைக் காணலாம். கனடாவில் 2009 முதல் 2013 வரை நடைபெற்ற ஒரு பெரும் பரிசோதனை இதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் இம்மக்கள் வீதிக்கு வந்த வழியை அறிதல் வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, கடும் மனநோய் கண்ட பலர் வட அமெரிக்காவின் மிகப் பெரிய மனநோய் வைத்தியசாலைகளில் ஆண்டுக்கணக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். பின்னர் அவற்றின் கதவுகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. புதிய மருந்துகள் வந்தமையும், நோயாளியும் உரிமையுள்ள மனிதனே என்ற உணர்வு வளர்ந்தமையும், செலவைக் குறைக்க அரசுகள் விரும்பியமையும் இதற்குக் காரணங்களாயின. அடைபட்டோரை விடுவித்தமை நியாயமே. ஆனால் மூடப்பட்ட விடுதிகளுக்கு ஈடாக ஊர்தோறும் எழுந்திருக்க வேண்டிய சிகிச்சை நிலையங்களும் இல்லங்களும் போதிய அளவில் எழவில்லை. 1993 இல் கனடாவின் மத்திய அரசு புதிய சமூக வீடமைப்புக்கு நிதி வழங்குவதையும் நிறுத்திக்கொண்டது. நோய் ஒருவனை வலுவிழக்கச் செய்தது மெய். அவனை நடுத்தெருவில் நிறுத்தியதில் வீடமைப்புக் கொள்கைக்கும் வாடகைச் சந்தைக்கும் பெரும் பங்கு உண்டு. "சித்தம் கலங்கியதால் தெருவில் கிடக்கின்றான்" என்பது பாதி உண்மை. மறுபாதி மறைக்கப்படுவதனால் நன்மையடைபவர் யாவர் என்பதை வாசகர் எளிதில் ஊகித்துக்கொள்வர்.

இவர்களுக்கென நெடுங்காலம் நடத்தப்பட்ட சேவைகள் படிக்கட்டு முறையில் அமைந்தவை. முதலில் இரவுத் தங்குமடம். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு மதுவையும் கைவிட்டால் கூட்டு விடுதி. அங்கும் நன்னடத்தை காட்டினால் தனி வீடு. ஒரு படியில் கால் தவறினால் மீண்டும் வீதி. இவ்வாறு, வீடு என்பது நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசாயிற்று. நித்திரை கொள்ள இடமில்லாதவனிடம், மருந்துக் குப்பியைப் பத்திரமாக வைக்க ஒரு மூலையும் இல்லாதவனிடம், வேளை தவறாது மருந்துண்ணும் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். 1992 இல் நியூ யோர்க் நகரில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் இவ்வொழுங்கைத் தலைகீழாக மாற்றினார். நிபந்தனையின்றி முதலில் வீடு. பின்னர், அவரவர் விரும்பும் அளவில் சிகிச்சை. 'முதலில் வீடு' என்ற கொள்கை அங்கே உருப்பெற்றது.

இக்கொள்கையைப் பரந்த அளவில் சோதிப்பதற்கு 2008 இல் கனடாவின் மத்திய அரசு, மனநல ஆணைக்குழுவிடம் 11 கோடி டொலரை ஒப்படைத்தது. வன்கூவர், வினிப்பெக், ரொறன்ரோ, மொன்றியல், மொங்ரன் ஆகிய ஐந்து நகரங்களில் 2,148 பேர் இதிற் பங்குபற்றினர். யாவரும் மனநோயுடையோர், வீடற்றோர் அல்லது நிலையான வீடில்லாதோர். எவருக்கு எது என்பது திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையினால் தீர்மானிக்கப்பட்டது. 1,158 பேருக்கு வாடகை உதவியுடன் வீடு கிடைத்தது. 990 பேர் நகரில் ஏற்கெனவே இருந்த சேவைகளுடன் விடப்பட்டனர். வீடு பெற்றோர் தம் வருமானத்தில் நூற்றுக்கு 30க்கு மேற்படாத பங்கை வாடகையாகச் செலுத்த வேண்டும். வாரம் ஒருமுறையேனும் உதவிக் குழுவினரைச் சந்திக்க வேண்டும். நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் ரொறன்ரோவில், வெள்ளையரல்லாத சமூகத்தினர்க்கென, நிறவெறியின் கொடுமையையும் நோயோடு சேர்த்துக் கருத்தில் எடுக்கும் தனிக் குழுவொன்றும் பணியாற்றியது.

பெறுபேறு தெளிவானது. ஆய்வின் இறுதி ஆறு மாதங்களில், வீடு பெற்ற குழுவினருள் நூற்றுக்கு 62 பேர் முழுக் காலமும் வீட்டிலேயே வாழ்ந்தனர்; மற்றக் குழுவினருள் 31 பேரே அவ்வாறு வாழ்ந்தனர். அக்காலம் முழுவதும் வீடே இல்லாதிருந்தோர் முதற்குழுவில் நூற்றுக்கு 16 பேர். மற்றதில் 46 பேர். "இவர்கள் வீட்டை விரும்பாதவர்கள், கொடுத்தாலும் காப்பாற்றத் தெரியாதவர்கள்" என்று காலங்காலமாகக் கூறப்பட்ட அவதூறு இவ்வெண்களின் முன் நிற்க முடியவில்லை. எனவே அளத்தலையே வெறுப்பது அறிவுடைமையாகாது. வறியவரைப் பற்றிய பொய்களுட் பல, எவரும் அளந்து பாராமையினாலேயே உயிர்வாழ்கின்றன.

ஆயினும் இங்கு மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது, திருவுளச்சீட்டுப் பற்றியது. துன்புறும் இருவருள் ஒருவர்க்கு வீட்டையும் மற்றவர்க்கு வீதியையும் விதிப்பது அறமாகுமா? ஆய்வாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. இருந்த சேவை எதுவும் எவரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. யாவர்க்கும் கொடுக்க வீடுகளும் இருக்கவில்லை. பயன் விளையுமா என்ற ஐயம் நேர்மையானதே. இவற்றை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஐயம் தீர்ந்த பின்னர் நிலைமை மாறிவிடுகின்றது. அந்த 990 பேர் தமது குளிர்கால இரவுகளைக் கொடுத்து நமக்கு ஓர் உண்மையை ஈட்டித் தந்தனர். அந்த உண்மையை அறிந்த சமுதாயம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றது. ஆய்வு முடிந்ததும் அறிக்கையை அச்சிட்டு அலுமாரியில் வைப்பதனால் அக்கடன் தீராது.

இரண்டாவது வினா, நோயைப் பற்றியது. மனநோயின் அறிகுறிகள் இரு குழுவினரிடத்தும் ஏறக்குறைய ஒரே அளவிற் குறைந்தன. வாழ்க்கைத் தரத்தில் வீடு பெற்றோர் ஓரளவு முன்னேறினர். நோயில் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. இதனைக் கண்டு, "வீடு கொடுத்தும் நோய் தீரவில்லையே" என்று கூறுவோர் உளர். வீடு எப்பொழுது மருந்தாயிற்று? நீரிழிவு நோயாளி ஒருவர் தம் வீட்டில் வாழ்வதனால் அவரது நோய் குறைந்ததா என்று ஆராய்ந்து, குறையாவிடின் அவரை வெளியேற்றலாம் என எவரும் வாதிப்பதில்லை. அவர்க்கு உரிமையாக உள்ளது மனநோயாளர்க்கு மாத்திரம் ஏன் சிகிச்சையாக மாறிவிடுகின்றது?

மூன்றாவது வினாவே முதன்மையானது. அது பணத்தைப் பற்றியது. வீடு பெற்றோர் வைத்தியசாலையையும் தங்குமடத்தையும் சிறையையும் குறைவாக நாடினால் அரசுக்கு மிச்சமாகும் என்ற எண்ணத்தில் கணக்கும் பார்க்கப்பட்டது. மிக அதிகமான சேவைகளைப் பயன்படுத்திய பத்திலொரு பங்கினரிடத்து, செலவிட்ட ஒவ்வொரு 10 டொலருக்கும் 21 டொலருக்கு மேல் மிச்சமாயிற்று. கடுந்தேவையுடைய குழுவினரை மொத்தமாக எடுத்தால் மிச்சம் 9 டொலர் 60 சதம். நடுத்தரத் தேவையுடையோரிடத்து 3 டொலர் 42 சதமே. முதல் எண்ணையே பலர் பெருமிதத்துடன் எடுத்துரைத்தனர். கல்நெஞ்சம் கொண்ட திறைசேரியை இளகச் செய்ய அது உதவும் என்பது அவர்கள் வாதம்.

அவ்வாதத்தின் முடிவு எங்கே செல்கின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். இரவில் கூச்சலிட்டுப் பொலிசாரை வரவழைப்பவரும், மாதத்தில் மும்முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்படுபவரும் அரசுக்குச் 'செலவு' வைப்பவர்கள்; ஆகவே அவர்களுக்கு வீடு கொடுப்பது இலாபம். இனி, ஒரு பெண்ணைக் கற்பனை செய்வோம். மனிதரைக் கண்டு அஞ்சி ஒரு மாடிப்படியின் கீழ் ஒதுங்கிக் கிடக்கின்றாள். வைத்தியரிடம் செல்வதில்லை, எவரையும் ஏசுவதில்லை, எதையும் கேட்பதில்லை. ஏட்டில் அவள் பெயரில் ஒரு சதமும் செலவில்லை. மிச்சப்படுத்துவதற்கு எதுவும் இல்லையாதலால், இக்கணக்கின்படி அவள் வீட்டுக்குத் தகுதியற்றவள். அமைதியாகத் துன்புறுவோரைத் தண்டிக்கும் அளவுகோல் நீதியின் அளவுகோலாக இருக்க முடியாது. மேலும், மலிவே நோக்கமாயின் வீட்டைக் காட்டிலும் மலிவான வழிகள் உள. பஸ் பயணச்சீட்டொன்றைக் கையில் கொடுத்து வேறோர் ஊருக்கு அனுப்பிவிடலாம். ஐக்கிய அமெரிக்காவின் நகரங்கள் சில அவ்வாறே செய்துமிருக்கின்றன. சிக்கனம் என்னும் ஆயுதத்தை ஏழைகளின் பொருட்டு எடுப்போர், அது ஏழைகளின் பக்கமே திரும்பக் கூடியது என்பதை மறத்தலாகாது.

பரீட்சைகளோடு வாழ்நாளைக் கழிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இது புதிதன்று. எளிதில் எண்ணக்கூடியதற்குப் புள்ளியிடுகின்றோம். பின்னர் புள்ளியிட்டதே கல்வி என்று நம்பிவிடுகின்றோம். சேவைகளை அளப்போரும் இத்தவறுக்கு ஆளாகின்றனர். நித்திரை எத்தனை மணி, உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு உண்டா, எவரை உள்ளே அழைப்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார், அறிந்த அயலவர் ஒருவரேனும் உளரா என்பனவும் பயன்களே. கனடிய ஆய்வில் பங்குபற்றியோர் சிலரின் வாழ்க்கைக் கதைகளும் கேட்டுப் பதியப்பட்டன. வீடற்று வாழ்ந்த அனுபவமுடையோர் ஆலோசகர்களாகவும் இடம்பெற்றனர். அளக்கப்படுவோரே அளவுகோலை ஆக்குவதிலும் பங்குகொள்ளல் வேண்டும் என்ற நெறியின் தொடக்கமாக இதனைக் கொள்ளலாம்.

பரிசோதனை முடிந்த பின்னர், 2014 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 11 கோடியே 90 இலட்சம் டொலரை வீடற்றோர் திட்டத்துக்கு ஒதுக்கி, 'முதலில் வீடு' என்ற கொள்கைக்கு அதிலே முதன்மையளித்தது மத்திய அரசு. அது ஓர் அடி முன்னேற்றமே. எனினும் அந்நாட்டின் நகரங்களில் வீடற்றோர் இன்றும் உளர். எது பயன்தரும் என்பது தெரியாமையினால் அவர்கள் வீதியில் இருக்கின்றனர் என்று இனி எவரும் கூற முடியாது.

ஆகவே, சேவைகளை அளப்போம். நேர்மையாகவும் கண்டிப்பாகவும் அளப்போம். வீட்டைப் பெறுவதற்கு எந்த வழி சிறந்தது, எந்த நிர்வாகம் பணத்தை வீணாக்குகின்றது, எவர் விடுபட்டுப் போயினர் என்றெல்லாம் கேட்போம். ஒரு மனிதன் கூரையின் கீழ் உறங்கத் தகுதியுடையவனா என்பதை மட்டும் அப்பரீட்சையின் வினாத்தாளிலிருந்து நீக்கிவிடுவோம். அதற்கு அவன் பிறந்தபோதே விடை எழுதப்பட்டாயிற்று.