சத்தம் இல்லாத வீடு

எங்கள் வீட்டு மாடி போர்ஷனைப் பார்க்க வந்த செல்லோ கலைஞர் மூன்றே கேள்விகள் கேட்டார். இங்கே சத்தம் இருக்குமா? பாதுகாப்பான இடமா? தினமும் நான்கு மணி நேரம் வாசிக்கலாமா? ஐரோப்பாவிலிருந்து வந்தவர், வயது நாற்பது இருக்கும். ஒரு ஆளை முதுகில் தூக்கி வருவதுபோல செல்லோ பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சத்தமே இருக்காதுன்னு சொல்லுடா. இது ஆசிரமத்து ஏரியா. வாசிக்கட்டுமே, கேக்க நல்லாத்தானே இருக்கும்."

2024 நவம்பர் கடைசி வாரம் அது. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் வாடகை சைக்கிளில் வீடு தேடி அலைவார்கள். அவர்களுக்கு ஒரு வாடகை, நம்மவர்களுக்கு ஒரு வாடகை. அம்மா சொன்ன தொகை வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு. அவர் பேரமே பேசவில்லை. நான்கு மாதத்துக்கு அமைதி கிடைக்கிறது என்றால் அது அவருக்குப் பெரிய தொகை இல்லை.

ஆனால் அம்மா சொன்னது பொய். எங்கள் தெருவில் சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. செங்கம் சாலை லாரிகள், மயில்கள், ராத்திரி பூராவும் நாய்கள், மார்கழியில் விடிவதற்கு முன்பே அம்மன் கோயில் ஸ்பீக்கர், யாராவது ஒருவர் வீட்டில் போர் போடும் வண்டி. பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க லட்சக்கணக்கான கால்கள். தொலைந்துபோன குழந்தைகளின் பெயர்களை மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதெல்லாம் அம்மாவுக்குச் சத்தமே இல்லை. அவள் மனதறிந்து பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆனது.

இந்த இடத்தில் நான் மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

ஆடி முடிந்ததும் எங்கள் ஊரில் வீடு மாறுவார்கள். ஆவணி முதல் வாரத்தில் இதே மாடி போர்ஷனைக் கேட்டு ஒருவர் வந்தார். தவில் வாசிப்பவர். கல்யாணம், கோயில் திருவிழா என்று போய்க்கொண்டிருப்பவர். மனைவியும், ஏழாவது படிக்கும் பையனும் கூட வந்திருந்தார்கள். கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "வீட்ல வாசிக்கமாட்டேன்மா. மரக்கட்டையில தட்டிப் பழகறதோட சரி. கச்சேரி எல்லாம் வெளியூர்லதான்."

அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "சொந்த ஊரு எது தம்பி?"

"செங்கம் பக்கம்மா."

"செங்கம் பக்கம்னா... ஊருக்குள்ளயா?"

அவர் சிரித்தார். பல வாசல்களில் கேட்ட கேள்விக்கு வரும் சிரிப்பு அது. அவர் பதில் சொல்வதற்குள் அம்மாவே முடித்துவிட்டாள். "வேற ஒருத்தர் சொல்லி வெச்சிருக்காங்க தம்பி. அவங்க வரலைன்னா சொல்றேன். அதுவும் இல்லாம கொட்டுச் சத்தம்னா கீழ வயசானவங்களுக்குக் கொஞ்சம்..."

யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. நான் ஹாலில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தேன். பெங்களூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவன் நான். காதில் இரைச்சலை நீக்கும் ஹெட்போன். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. வெளியே வரும் ஒலி அலையை ஒரு மைக் அளக்கும். அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஸ்பீக்கர் உண்டாக்கும். இரண்டும் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஃபேன், விமான என்ஜின் மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலை அது அருமையாக விழுங்கிவிடும். திடீரென்று வரும் மனிதக் குரலை அவ்வளவாக விழுங்காது. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. கேட்காததுபோல உட்கார்ந்திருந்தேன்.

அமைதியாக இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவருக்கு வீடு இல்லை. தினமும் நான்கு மணி நேரம் வாசிப்பேன் என்றவருக்கு வீடு உண்டு. தவில் செல்லோவைவிடப் பல மடங்கு சத்தமான வாத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வாசலில் நடந்த பேச்சில் வாத்தியத்தின் சத்தம் கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தது ஊர். பிறகு ஊருக்குள்ளா வெளியிலா என்பது. முடிவு எடுத்த பிறகு கையில் அகப்பட்ட காரணம்தான் சத்தம்.

என்னால் அம்மாவை மட்டும் குற்றவாளியாக நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் நான் மறுபக்கமும் நின்றிருக்கிறேன்.

2017லிருந்து இரண்டு வருடம் வேலைக்காக மியூனிக்கில் இருந்தேன். பள்ளிக் காலத்தில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றவன். கச்சேரி செய்யுமளவு வரவில்லை. ஆனால் அரை மணி நேரம் வாசித்தால் அன்றைய நாள் ஒழுங்காக இருக்கும். மிருதங்கத்தைத் துணிகளுக்குள் பொதிந்து விமானத்தில் கொண்டுபோனேன். அங்கே வீடு பார்ப்பது நேர்முகத் தேர்வு மாதிரி. ஒரே அறையைப் பார்க்க இருபது முப்பது பேர் படிக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். சம்பளச் சீட்டு, கடன் பாக்கி இல்லை என்ற சான்று எல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி: இசைக்கருவி வாசிப்பீர்களா?

முதல் நான்கு வீடுகளுக்கு 'ஆம்' என்று எழுதினேன். பதிலே வரவில்லை. அதற்குக் காரணம் மிருதங்கமா, என் பெயரா, என் நிறமா, வெறும் கூட்டமா, இன்றுவரை தெரியாது. வீடு மறுக்கப்படுவதில் இதுதான் கொடுமை. காரணத்தை யாரும் சொல்லமாட்டார்கள். நாமே நம்மிடம் ஒவ்வொரு குறையாகத் தேடிக்கொண்டிருப்போம். ஐந்தாவது வீட்டுக்கு 'இல்லை' என்று எழுதினேன். கிடைத்தது. இரண்டு வருடம் மிருதங்கம் போர்வை சுற்றி அலமாரியில் கிடந்தது. ஹீட்டர் காற்றில் தோல் காய்ந்து விறைத்துப்போனது.

நான் அங்கே இருந்தபோதே, 2018 அக்டோபர் 26 அன்று, ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு ட்ரம்பெட் கலைஞர் வீட்டில் பயிற்சி செய்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வீட்டில் இசை வாசிப்பது சாதாரண வாழ்க்கையின் பகுதி, அதை முழுக்கத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். தோராயமாக வேலை நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறிலும் விடுமுறையிலும் ஒன்றிரண்டு மணி நேரம் என்று அளவும் சொன்னது. பகல் ஓய்வு நேரத்தையும் இரவையும் மதிக்க வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது, "அப்ப நீ தாராளமா வாசிக்கலாமே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உரிமை இருக்கிறதுதான். ஆனால் உரிமையைக் கேட்க முதலில் வீட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். நுழைவதற்காகவே நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நம் ஊரிலும் சட்டங்களுக்குக் குறைவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன. அதே ஆண்டு, சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்ய எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்சநீதிமன்றம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் படிவம் 'சி' பதிவு செய்ய வேண்டும் என்பது அப்போதைய விதி. அம்மாவுக்காக நானே அதைச் செய்தேன். இத்தனை விதிகளும் வீட்டுக்குள் வந்துவிட்டவருக்கானவை. ஆவணி மாதத்தில் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும்போது அவருக்குத் துணைக்கு வர இதில் ஒன்றுமில்லை.

அமைதியைத் தேடி உலகமே எங்கள் ஊருக்கு வருவது ஒருவருக்காக. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுப் பையனாக வந்து இறங்கிய ரமணருக்கும் இங்கே அமைதி எளிதாகக் கிடைக்கவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தால் பையன்கள் கல்லெறிந்தார்கள். இருட்டான பாதாள லிங்கத்துக்குள் போனால் பூச்சிகள் கடித்தன. பிறகு குருமூர்த்தம், விரூபாட்ச குகை, 1916இல் கந்தாசிரமம், 1922இல் மலையடிவாரம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். குகையில் இருந்த காலத்தில், பிச்சைக்குப் போகும் அடியவர்கள் பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டுமென்று கேட்க, 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலை பிறந்தது. தெருவில் அந்தப் பாட்டுக் கேட்டால் குகைக்காரர்கள் வருகிறார்கள் என்று வீடுகளில் சோற்றை எடுத்து வைப்பார்கள்.

அந்தச் சோற்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஊரில் சத்தம் என்பது ஒரு முகவரி. யார் வருகிறார்கள் என்று அது முன்னதாகவே சொல்லிவிடும். அந்தப் பாட்டைக் கேட்டால் கதவு திறந்தது. தவில் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் கதவு மூடியது. இரண்டு இடத்திலும் காது அளந்தது டெசிபலை அல்ல, ஆளை. மயிலும் மைக்கும் அம்மாவுக்குச் சத்தமாகப் படாததற்குக் காரணமும் இதுதான். பழகிய ஆட்களிடமிருந்து வருவது அவளுக்குச் சத்தமே இல்லை. செல்லோ பழக்கமில்லைதான். ஆனால் அதற்கு நம் ஊரில் தெருவும் கிடையாது, சாதியும் கிடையாது.

அமைதியான வீடு வேண்டும் என்று கேட்பது தவறா? இல்லை. கலைஞருக்கு மட்டுமில்லை, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அது வேண்டும். ஆனால் சுவரும் கதவும்போல அமைதி வீட்டோடு சேர்ந்து வரும் பொருள் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நமக்காக அடக்கிக்கொள்வதுதான் அது. சில சமயம், பக்கத்தில் வராமலேயே தடுக்கப்பட்டவர்கள் விட்டுப்போன வெற்றிடம். இந்த இரண்டில் எது நமக்குக் கிடைத்திருக்கிறது என்றாவது கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவதென்றால் பதிலுக்கு நாமும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். இரண்டாவதென்றால் அதன் வாடகையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

செல்லோக்காரர் நல்ல மனிதர். எதிர்வீட்டுப் பாட்டி தூங்கும் நேரம் தெரிந்துகொண்டு மதியம் வில்லைத் தொடமாட்டார். அவர் குடிவந்த சில நாட்களில் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீடுகளின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். பாதுகாப்பான இடமா என்று அவர் கேட்டபோது கதவின் பூட்டைக் காட்டியிருந்தோம். செய்தியைப் பார்த்ததும் எனக்கு ஆவணியில் வந்த அந்தக் குடும்பம் நினைவுக்கு வந்தது. எங்கே வீடு எடுத்திருப்பார்கள்? மலைப்பக்கமா? கேட்கலாம் என்றால் பெயர்கூடத் தெரியாது. அம்மா சமையலறையில் நின்றுகொண்டு, "அந்தத் தவில்காரப் புள்ள எங்க இருக்கோ" என்றாள். நான் எதுவும் சொல்லாமலேயே அவளுக்கும் அதே நினைவு வந்திருந்தது.

டிசம்பர் 13 தீபம். இரவு முழுக்கச் சத்தம். செல்லோக்காரர் கலங்கிய முகத்தோடு கீழே இறங்கிவந்தார். அம்மா காபி கொடுத்தாள். அடுத்த பௌர்ணமிக்கு மொட்டைமாடியில் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த பௌர்ணமிக்கு அவரும் கிரிவலம் நடந்தார்.

தை மாதம் ஒரு உறவினர் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு. தவில் வாசித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பார்த்ததும் என்னையறியாமல் பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை. மார்ச்சில் செல்லோக்காரர் ஊருக்குக் கிளம்பியதும் அம்மா சொன்னாள், "அந்தத் தம்பிக்கு வேணுமான்னு கேட்டுப் பாரேன்." மண்டப மேனேஜரிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தேன்.

"வீடு கெடைச்சிடுச்சு சார். போளூர் ரோட்ல. பையன் ஸ்கூலுக்குக் கொஞ்சம் தூரம், பரவால்ல."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். ஆவணியில் நீங்கள் வந்தபோது நாங்கள் சொன்னது உண்மையில்லை, என்று ஏதோ உளறினேன். அவர் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்:

"அந்த மாசம் பதினோரு வீடு பாத்தேன் சார். நீங்க எந்த வீடு?"