கலுங்கின் உயரம்

சினிமாவில் மேலதிகாரி "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டும்போது தியேட்டரே சிரிக்கும். நாங்களும் சேர்ந்துதான் சிரிப்போம். அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் சீமைதான். எங்கள் அபிராமத்தில் மழையைச் 'சனியன்' என்று சொல்லிவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் வாயிலேயே போடுவார்கள். ஐப்பசி பிறந்தால் மிளகாய்க்காரர், பருத்திக்காரர், கடைக்காரர் என்று எல்லோருடைய பேச்சும் கிழக்கே எழும் கருக்கலைப் பற்றியதாகவே இருக்கும்.

இப்படிப்பட்ட மாவட்டத்தில்தான், 2024 நவம்பர் 20 அன்று, ராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்தில் 41 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 83 செ.மீ.தான். அரை வருஷத்து மழை ஒரே பகலில் இறங்கிவிட்டது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று கரையோரம் முழுக்க வெள்ளக்காடு.

எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும் புத்தி உண்டு. ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றால் 40,000 லிட்டர். 41 செ.மீ. பெய்தால் ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் 130 நடைக்கு மேல். கோடையில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற ஜனம், அன்றைக்கு அவ்வளவு தண்ணீரையும் முறத்தாலும் வாளியாலும் மோட்டாராலும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளாமல் என்ன செய்வது? கட்டிலுக்கு மேல் ஏறிவிட்ட தண்ணீரிடம் கண்மாயின் அருமையைப் பேச முடியாது. ஆனால் வெளியே தள்ளிய தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

எங்கள் பக்கத்துத் தரை மேற்கிலிருந்து கிழக்காக, கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. அதை மறித்துப் பிறைபோல வளைந்த ஒரு கண்மாய்க் கரை, கரைக்குக் கீழே வயல், வயலுக்குக் கீழே அடுத்த ஊர்க் கண்மாய். ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். மடையைப் பற்றித்தான் எல்லோரும் பெருமை பேசுகிறோம். எனக்கு வியப்பு கலுங்கின் மேல். கண்மாய் நிறைவதே அபூர்வம். அந்த அபூர்வ வருஷத்துக்காக, கரிசல் பூமியில் கல்லுக்கு வழியில்லாத ஜனங்கள் எங்கிருந்தோ கருங்கல்லை வண்டியேற்றிக் கொண்டுவந்து, தண்ணீர் வெளியேறுவதற்கு ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். மண்கரை மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கரை கரைந்துபோகும், அதனால் கட்டினார்கள் என்று பொறியாளர் சொல்வார். சரிதான். அதோடு, கலுங்கு வழியாக மறுகால் பாயும் தண்ணீர்தான் கீழூர்க் கண்மாயின் வரத்து. நமக்கு மிச்சம் என்று வெளியேறுவது அவர்களுக்குப் பங்கு. நல்ல மழைக்கு மறுநாள் கீழூர்க்காரர்கள் சைக்கிளை மிதித்து வந்து, கலுங்கைப் பார்த்துவிட்டு, பீடி ஒன்றைக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வந்துபோவதே ஒரு கண்காணிப்புதான்.

கலுங்கின் மேல் குத்துக்கல் வரிசை இருக்கும். மழைக்காலம் முடிகிற நேரத்தில் கல்லுக்குக் கல் இடையே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து, கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வார்கள். எவ்வளவு உயரம், எந்த வாரம் என்பதில்தான் ரகளை. ஒரு சாண் கூட்டினால் மேலே நீர்ப்பிடியில் இருப்பவன் நிலம் மூழ்கும், கீழே வரத்து நிற்கும். அரிவாளைத் தூக்கிய கதைகள் உண்டு. யார் நிலம் முதல் மடையில், யார் நிலம் கடைமடையில் என்பதைச் சாதியும் செல்வாக்கும்தான் முடிவு செய்தன. ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஆனாலும் 'எனக்கு இவ்வளவு போதும், இதற்கு மேல் உனக்கு' என்கிற அளவு ஊரார் கண்ணெதிரே கல்லாக நின்றது. அதைக் காட்டிச் சண்டை போட முடிந்தது.

இப்போது சண்டை போடக்கூட இடமில்லை. அவரவர் வீட்டை அவரவர் உயர்த்திக்கொள்கிறோம். சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு, நின்ற வீட்டை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கி அஸ்திவாரத்தை ஏற்றுவது பல புறநகர்களில் பெரிய தொழிலாகிவிட்டது. சாலை தன் பங்குக்கு, போடும்போதெல்லாம் உயர்கிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு கடிதமே எழுதினார். எங்கள் தெருவில் அந்தக் கடிதம் யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை.

தெருவில் ஒருவர் மூன்றடி உயர்த்தி, வாசலில் சரிவு போட்டு டைல்ஸ் ஒட்டினார். அடுத்த மழையில் எதிர்வீட்டுக்காரர் போய்க் கேட்டார்: "அண்ணே, ஒங்க வீட்டுத் தண்ணியெல்லாம் என் வாசல்ல வந்து நிக்குதே?"

"நீங்களும் ஒசத்திருங்க தம்பி. வேற என்ன செய்ய?"

இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. வெளிநாட்டில் சம்பாதித்து, ஆயுளுக்கு ஒரே வீடு கட்டுகிற மனிதர், அதற்குள் தண்ணீர் வரக்கூடாது என்று நினைப்பதில் என்ன குற்றம் காண்பது? 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எல்லார் வீட்டிலும் தொட்டியும் குழாயும் இருக்கின்றன. ராமேஸ்வரத்து மணல் என்றால் கொஞ்சம் குடிக்கும். கரிசல் ஒரு தரம் ஊறிப் பொதுமிவிட்டால் சொட்டு இறக்காது. தண்ணீர் யார் வாசலுக்காவது போய்த்தான் ஆகவேண்டும்.

எங்கள் தெருவில் அது கடைசியில் உள்ள ஓட்டுவீட்டு வாசல். அங்கே இருக்கும் அத்தைக்கு வீட்டை உயர்த்த வசதி கிடையாது. ஊருணிக்குப் போன வரத்துக்கால் சீமைக்கருவேலத்தில் மறைந்துகிடக்கிறது. அதைத் தோண்டிவிட்டால் தெருத்தண்ணீர் ஊருணிக்குப் போய்விடும் என்று கூடிப் பேசினோம். உயர்த்தியவர்களில் சிலர் "எங்க வீட்லதான் தண்ணி வரலையே" என்றார்கள். ஒருவழியாக வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கு பிரித்து, அத்தையிடமும் வசூல் நோட்டை நீட்டினோம்.

"ஒங்க வீட்டுத் தண்ணி போறதுக்கு நான் எதுக்குத் தம்பி காசு குடுக்கணும்?" என்றார் அத்தை.