கண்ணிற்பட்டதும் கருத்திற்கொண்டதும்

தானே கண்ணிற்பட்ட பொருளைக் காண்பது குற்றமன்று. காண வேண்டும் என்னும் உள்நோக்குடன் வேறொரு காரணங்காட்டி நெருங்கிக் காண்பது அறமாகுமா? அமெரிக்க நாட்டு நீதிமன்றங்கள் ஆராய்ந்த இவ்வினா, நம் சமயத்தார்க்கும் புதியதன்று.

அந்நாட்டு அரசியலமைப்பில் 1791ஆம் ஆண்டு சேர்ந்த நான்காம் திருத்தம், குடிமக்களின் உடலையும் இல்லத்தையும் உடைமைகளையும் நியாயமின்றிச் சோதிப்பதைத் தடுக்கிறது. ஆயினும், சாலையில் சட்டப்படி நிறுத்திய வாகனத்தினுள் குற்றத்திற்குரிய பொருள் வெளிப்படத் தெரிந்தால், காவலர் நீதிமன்ற ஆணையின்றியே அதனைக் கைப்பற்றலாம். இரவில் கைவிளக்கை ஒளிரச்செய்து வாகனத்தினுள் நோக்குவது சோதனையாகாது என 1983ஆம் ஆண்டு டெக்சாஸ் வழக்கொன்றில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியது. 1987ஆம் ஆண்டு அரிசோனா வழக்கிலோ, ஒரு வீட்டினுள் முறைப்படி நுழைந்த காவலர் இசைத்தட்டுக் கருவியைச் சற்றே நகர்த்தி அதன் எண்ணைப் பார்த்ததும் சோதனையே என்றது. கண் செல்லலாம், தக்க காரணமின்றிக் கை செல்லலாகாது என்பது இதன் கருத்து.

கண்ணையும் கையையும் அளந்த சட்டம் மனத்தை அளக்கவில்லை. வாஷிங்டன் நகரில் போதைப்பொருட் குற்றங்களைக் கண்காணிக்கும் காவலர், சாலை விதிமீறலுக்காக ஒரு வாகனத்தை அணுகி, உள்ளிருந்தவர் கையில் போதைப்பொருளைக் கண்டனர். விதிமீறல் வெறுஞ்சாக்கு என்றும், இதனை ஒப்பினால் தோல்நிறம் பார்த்து நிறுத்தவும் இடமாகும் என்றும் வாதிடப்பட்டது. விதிமீறல் உண்மையாயின் காவலரின் உள்நோக்கம் பொருட்டன்று. நிறவேற்றுமைக்கு வேறு சட்டப்பிரிவு உண்டு என 1996ஆம் ஆண்டு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

நீதிமன்றத்தைக் குறைகூறுதல் எளிது. பிறர் நெஞ்சை அளக்கும் கோல் அதனிடம் இல்லை. நம் அறமோ நெஞ்சிலேயே தொடங்குகிறது. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், பிரமத்தயோகத்தை அதற்கு மூலமாக வைக்கிறது. ஈரியா சமிதியுடன் நிலம் நோக்கி நடக்கும் முனிவர் அடியில் ஓர் உயிர் அறியாது மாய்ந்தால், அவர்க்கு இம்சைப் பாவம் இல்லை. கருதிக் கொல்வோன் செயலும் புறத்தே அதுவே, வினைக்கட்டு வேறு. விபத்தைத் தடுக்க நிறுத்தியவர் கண்டதும், ஒருவனை அகப்படுத்த அவன் பிழைக்காகக் காத்திருந்தவர் கண்டதும் அவ்வாறே வேறாகும்.

குடும்பங்களைக் கெடுக்கும் நஞ்சு பிடிபட்டதே, நன்மைதானே எனச் சிலர் வினவுவர். நன்மையே. ஆனால் ஐயத்தால் பதின்மரை நிறுத்தி ஒருவரிடம் காண்பவர், ஏனை ஒன்பதின்மரின் அச்சத்திற்கும் நாணத்திற்கும் காரணராகிறார். ஏதும் கிடைக்காத அவர்கள்மேல் வழக்கு எழுவதில்லை. ஆதலின் அவர்கள் பட்ட துயரை நீதிமன்றம் பெரும்பாலும் அறிவதுமில்லை.

இல்லறத்தாராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. அயலார் வீட்டு மேசையில் விரிந்து கிடக்கும் கடிதம் கண்ணிற்படுவது இயல்பு. அதனைக் காணும் பொருட்டே நலம் விசாரிக்கச் செல்வது வேறு. "கண்ணில் பட்டது" என்று உலகிற்குச் சொல்லித் தப்பலாம். "எதற்காக இங்கு வந்தாய்?" என்று நம் மனத்தை நாமே கேட்டறிதல் வேண்டும்.