பார்வோனின் இதயமும் அடிமைப்பெண்ணின் பிள்ளையும்

மோசே எகிப்துக்குப் போய்ச் சேரும் முன்பே கடவுள் சொல்லிவிடுகிறார்: பார்வோனின் இதயத்தை நான் கடினப்படுத்துவேன், அவன் மக்களைப் போகவிட மாட்டான். அப்புறம் அதே பார்வோனிடம் போய், மக்களை விடு என்று கேட்கச் சொல்கிறார். விடவில்லை என்பதற்காகப் பத்து வாதைகள். பூட்டியது ஒருவர், கதவைத் திறக்கவில்லை என்று அடிவாங்குவது இன்னொருவரா? அவன் என்னதான் பண்ணுவான்?

தீர்ப்பு எழுதும் முன் வினைச்சொற்களைப் பார்த்துவிடலாம். தமிழில் பெரும்பாலும் 'கடினம்' என்றே வருவதற்கு எபிரேயத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. 'கஷா' என்றால் கடினமாவது. 'கபேத்' என்றால் கனமாவது. 'ஹசாக்' என்றால் வலுப்பெறுவது. முதல் ஐந்து வாதைகளில் பார்வோனின் இதயம் கடினப்படுகிறது, அல்லது அவனே கடினப்படுத்திக்கொள்கிறான். கடவுள் அதைச் செய்துவிட்டார் என்று கதை முதன்முதலாகச் சொல்வது ஆறாவதான கொப்புள வாதையில்தான். ஏழாவதில், கல்மழை நின்றதும், அவனே மறுபடி இதயத்தைக் கனமாக்கிக்கொள்கிறான். ஆனால் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, அதைச் செய்தது நான்தான் என்கிறார் கடவுள். ஒரே செயலுக்கு இரண்டு எழுவாய்கள். கதைசொல்லிக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை.

சங்கடப்பட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். பானை குயவனைக் கேள்வி கேட்கலாமா என்று ரோமர் நிருபத்தில் பவுல் நம் வாயை அடைக்கிறார். 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் கொஞ்சம் இறங்கி வருகிறார்: ஒரே வெயிலில் மெழுகு உருகும், சேறு இறுகும்; குற்றம் வெயிலுடையது இல்லை. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸுக்கு இது தண்டனை: பார்வோன் முதலில் தன் விருப்பப்படியே கொடுமை செய்தான், அதற்காக மனந்திரும்பும் வழி அவனுக்கு அடைக்கப்பட்டது.

எனக்குப் பிடித்தது 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய ரபி ஸ்ஃபோர்னோவின் விளக்கம். அடிமேல் அடி விழுந்தால் யாராக இருந்தாலும் பயத்தில் பணிந்துவிடுவார்கள். அது மனமாற்றம் ஆகாது. அந்த அடியைத் தாங்கும் வலுவைத்தான் கடவுள் பார்வோனுக்குக் கொடுத்தார். அதனால் அவன் உண்மையில் எதை விரும்பினானோ அதையே செய்ய முடிந்தது. கழுத்தில் கத்தி வைத்து வாங்கும் சம்மதம் சம்மதமில்லை என்று நமக்கும் தெரியுமே.

சரி, பார்வோனின் சுதந்திரம் காப்பாற்றப்பட்டது. அதற்கு விலை கொடுத்தது யார்?

பத்தாவது வாதையில் சாகப்போகிற தலைச்சன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது, சிங்காசனத்தில் உட்கார்ந்திருப்பவனின் மகனில் தொடங்கி, திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்து மாவரைக்கும் அடிமைப்பெண்ணின் பிள்ளை வரைக்கும் என்கிறது யாத்திராகமம். அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை. யாரையும் பிடித்துவைக்கவும் இல்லை. ராஜா எடுக்கும் முடிவுக்கு ஏழைவீட்டுப் பிள்ளை சாவது உலக வழக்கம்தான் என்று இங்கே சொல்லி நகர முடியாது. ஏனென்றால் இந்த முடிவில் கடவுளின் கையும் இருக்கிறது என்று நூலே சொல்கிறது. மேலே பார்த்த விளக்கங்கள் எல்லாம் அரண்மனைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பைபிளில் கடவுள் யாருடைய மனதைத் திருப்புகிறார்? லூதியாள் மாதிரி விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அடிக்கடி வருவது ராஜாக்கள்தான்: பார்வோன், எஸ்போனின் சீகோன், பாரசீகத்தின் கோரேசு. ராஜாவின் இதயத்தைக் கடவுளின் கையிலுள்ள வாய்க்கால் நீருக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள். எகிப்தில் ராஜாவே தெய்வம். அவனைப் பார்த்து, உன் இதயம்கூட உன் கையில் இல்லை என்று சொல்வது பெரிய கலகம். அதே வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போய், பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் 'எல்லாம் அவர் சித்தம்' என்று சொன்னால் அது வேறொன்றாகிவிடுகிறது. சிங்காசனத்தை அசைத்த சொல், அவள் வாயை மூட வைக்கிற சொல்லாகிவிடுகிறது.

இதே நூலின் முதல் அதிகாரத்தில் இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள், சிப்பிராள், பூவாள். எபிரேயப் பெண்களுக்குப் பிறக்கும் ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான் எகிப்தின் ராஜா. அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்று கூப்பிட்டுக் கேட்டால், நாங்கள் போய்ச் சேரும் முன்பே பிரசவம் முடிந்துவிடுகிறது என்கிறார்கள். அவர்கள் கடவுளுக்குப் பயந்தார்கள் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. கடவுள் அவர்கள் இதயத்தைத் திருப்பினார் என்று ஒரு வார்த்தை இல்லை. முடிவு அவர்களுடையது.

திரிகைக்குப் பின்னால் இருந்தவளுக்கு இது பதில் இல்லை. அவள் பிள்ளை செத்தது செத்ததுதான். அவள் பெயரையும் நூல் சொல்லவில்லை. ஆனால் யாத்திராகமம் தன் பார்வோன்கள் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை. அந்த இரண்டு மருத்துவச்சிகளின் பெயரை எழுதிவைத்திருக்கிறது.